இலுப்பை மரமும் நாமும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "சார், அரை மணி நேரம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். தாவரவியல் வாத்தியாரிடம் தலைப்பை விட்டுவிட்டால் அவன் மரத்தைப் பற்றித்தான் பேசுவான். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் ஐரோப்பாவிலிருந்து வந்த நம் பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஒரு பொட்டலம் செஸ்ட்நட் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே குளிர்காலத்தில் தெருவோர வண்டிகளில் இரும்புச் சட்டியில் வறுத்துச் சூடாகத் தருவார்களாம். தின்று பார்த்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. அவர் கேட்டார்: "நம்ம பக்கம் இந்த மாதிரி ஒரு மரம் இருக்கா சார்?" நல்ல கேள்வி. அதற்கு அன்றைக்கு வீட்டுத் திண்ணையில் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த மரத்தைத் தெரிந்துகொள்வோம். இனிப்புச் செஸ்ட்நட்டுக்குத் தாவரவியல் பெயர் காஸ்டானியா சடைவா. நீண்ட இலை, ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். கோடையில் வால் போல நீண்ட பூங்கொத்து விடும். முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி முள் நிறைந்த கூட்டுக்குள் இரண்டு மூன்று கொட்டைகள் இருக்கும். இலையுதிர் காலத்தில் கூடு வெடித்துக் கொட்டை விழும். பாதாம், முந்திரி போல இதில் எண்ணெய் கிடையாது, பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதனால் கோதுமை விளையாத மலைப் பகுதிகளில், பிரான்சின் செவென் மலையிலும் கார்சிகா தீவிலும், இதைக் காயவைத்து அரைத்து மாவாக்கி ஏழை மக்கள் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். 'ரொட்டி மரம்' என்றே பெயர் வைத்தார்கள். மரத்தில் டானின் அதிகம், வேலிக்கால் நட்டால் மழையில் எளிதில் உளுத்துப்போகாது. ஆயுசும் அதிகம். இத்தாலியில் சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் 'நூறு குதிரைச் செஸ்ட்நட்' என்று ஒரு மரம் இன்னும் நிற்கிறது. ஒரு ராணியும் அவளுடைய நூறு குதிரை வீரர்களும் மழைக்கு அதனடியில் ஒதுங்கினார்கள் என்பது கதை. 1780இல் அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு சுமார் 58 மீட்டர். இன்று அது பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது.

நம் பொத்தேரி வெயிலுக்கு இந்த மரம் வராது. ஆனால் நெடுங்காலம் நிற்பது, ஏழைக்குச் சோறு போடுவது, உறுதியான மரம் தருவது, தாத்தா நட்டுப் பேரன் அனுபவிப்பது என்று அதே குணங்களோடு இந்த மண்ணில் ஒரு மரம் இருக்கிறது. அதுதான் இலுப்பை.

இங்கே எத்தனை பேர் இலுப்பை மரத்தை நேரில் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். தலை நரைத்தவர்கள் கை அத்தனையும் மேலே இருக்கிறது. கறுப்புத் தலைகள் பக்கம் ஏழெட்டுக் கைதான் தெரிகிறது. என் பேச்சின் முக்கால் பங்கு இதிலேயே முடிந்துவிட்டது.

இலுப்பை சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. சப்போட்டா, மகிழம், உலக்கைப்பாலை எல்லாம் இதற்குப் பங்காளிகள். கிள்ளினால் பால் வடிவது இந்தக் குடும்பத்துக் குணம். 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்தவர் ஜோஹன் கெர்ஹார்டு கோனிக், நவீன வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸின் மாணவர். அவர் வைத்த 'பாசியா லாங்கிஃபோலியா' என்ற பெயர் 1771இல் லின்னேயஸின் நூலில் வெளிவந்தது. லாங்கிஃபோலியா என்றால் நீண்ட இலையுடையது. பின்னால் பாசியா போய் 'மதுகா' வந்தது, அது நம் நாட்டுச் சொல். வடக்கே மஹுவா என்கிறார்களே, அது இதே மரத்தின் அகன்ற இலை வகை.

இதன் பூவைப் போல விசித்திரமான பூவை நான் பாடம் நடத்திய இத்தனை வருஷத்தில் அதிகம் பார்த்ததில்லை. மாசி பங்குனியில் பழைய இலை கொட்டும். கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மொட்டு தொங்கும். பின்னாலேயே செம்பு நிறத்தில் தளிர் வரும். பூ மலர்வது ராத்திரியில். இதழ்கள் ஒன்றாகச் சேர்ந்து, வெளிர் மஞ்சளில், சதைப்பற்றோடு ஒரு சின்னக் குப்பி மாதிரி இருக்கும். உள்ளே முழுக்கச் சர்க்கரை. விடியற்காலையில் அந்தக் குப்பி மகரந்தத் தாள்களோடு அப்படியே கழன்று கீழே விழுந்துவிடும். சூலகம் மட்டும் மரத்திலேயே தங்கிக் காயாகும்.

இதை நன்றாகக் கவனியுங்கள். முருங்கைப் பூவைப் பறித்தால் காய் போச்சு. இலுப்பையில் மரத்தடியில் கிடக்கும் பூவை ஒன்று விடாமல் பொறுக்கினாலும் ஒரு காய்கூடக் குறையாது. பூவும் தருகிறது, விதையும் தருகிறது. ஒரே மரத்தில் இரண்டு அறுவடை.

ராத்திரியில் மலரும் பூவுக்கு வேலைக்காரர்கள் யார்? பழந்தின்னி வௌவால்கள். வாசனை பிடித்து வந்து, அந்த இனிப்பு இதழைக் கடித்து இழுக்கும்போது முகத்தில் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. அடுத்த மரத்துக்குப் போனால் அங்கே ஒட்டுகிறது. சூல்முடி மொட்டாக இருக்கும்போதே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தன் மகரந்தம் தயாராவதற்கு முன்பே வேறு மரத்து மகரந்தத்தை வாங்கிக்கொள்ள முடியும். ஆனி ஆடியில் பழம் பழுத்ததும் அதே வௌவால்தான் பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு விதையைப் போடுகிறது. பூசாரியும் அதுதான், விவசாயியும் அதுதான்.

ஹாஸ்டல் தம்பிகள் சிரிப்பது எனக்குத் தெரியும். "சார், வண்டி சீட்டெல்லாம் எச்சம் சார்" என்று நீங்கள் சொல்வதும் காதில் விழுகிறது. ஒரு துணியைப் போட்டு மூடுங்கள், தீர்ந்தது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு வௌவால் என்றாலே ஒரு பயம் இருக்கிறது. கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாதீர்கள். அதற்காக மரத்தை வெட்டி வௌவாலை விரட்டினால் அது ஊரெல்லாம் சிதறுமே தவிர, நமக்கு நன்மை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இந்தப் பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. சட்டத்துக்குப் புரிய ஐம்பது வருஷம் ஆயிற்று. நமக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

சங்கப் பாடல்களில் இந்த மரத்துக்கு 'இருப்பை' என்று பெயர். காய்ந்த பாலை வழியில் உதிர்ந்து கிடக்கும் இருப்பைப் பூவைக் கரடிகள் வந்து தின்பதை அகநானூற்றுப் புலவர்கள் பல இடத்தில் சொல்கிறார்கள். கற்பனையா என்றால் இல்லை. மத்திய இந்தியக் காடுகளில் இன்றைக்கும் பூக்காலத்தில் விடியற்காலையில் கரடி வருகிறது, பூப்பொறுக்கும் மக்களும் வருகிறார்கள், மோதலும் நடக்கிறது. கோண்டு, சந்தால் முதலிய பழங்குடி மக்களுக்கு அது உணவு, மது, கைக்காசு மூன்றும். 1892இல் பம்பாய் மாகாண அரசாங்கம் கள்ளச்சாராயத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, இந்தப் பூவைச் சேர்த்து வைப்பதற்கே கட்டுப்பாடு போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு பூவுக்காகத் தனிச் சட்டம்!

நம் பக்கம் பூவைவிட விதைக்குத்தான் மரியாதை. பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். கொஞ்சம் குளிர்ந்தால் நெய் போல உறைந்துவிடும். கோயில் விளக்குக்கு, வீட்டு விளக்குக்கு, சோப்புக்கு, உடம்பு வலிக்குத் தடவ, இல்லாதவர் வீட்டில் தாளிக்கவும்கூட இலுப்பெண்ணெய்தான். இன்றைக்குக் கடையில் ஐந்து எண்ணெய் கலந்தது என்று தீப எண்ணெய் விற்கிறார்களே, பாட்டிலைத் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் இலுப்பெண்ணெயின் பெயரும் இருக்கும். பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் நம் பாட்டிமார் இலுப்பைக்கட்டியை அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். அதே சப்போனின் மீனுக்கு விஷம். மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுவதற்கு முன்னால் வேண்டாத மீனை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை இந்தப் புண்ணாக்கைப் போடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் விஷம் தீர்ந்து அதுவே குளத்துக்கு எருவாகிவிடும். கடையில் வாங்கும் பூச்சிமருந்து எதற்காவது இந்தக் குணம் உண்டா, சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட மரத்துக்கு நாம் கொடுத்த பட்டம் என்ன? 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.' அதாவது நல்லது கிடைக்காத இடத்தில் ஒப்புக்கு ஒன்று. ஆலை என்றால் அன்றைக்குக் கரும்பாலை. அதுவும் நம் மாவட்டத்தில் படாளத்தில் இருக்கிறது. இன்றைக்கு ஆலை என்றால் நமக்கு நினைவு வருவது தொழிற்சாலைகள். பக்கத்து மறைமலை நகரில் 1999இல் ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள், அது எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது. 2022இல் உற்பத்தி நின்றது. மறுபடி தொடங்கப் போவதாகவும் பிறகு அறிவிப்பு வந்தது. குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். ஆலை வந்த அன்று ஓர் இலுப்பை விதையை நட்டிருந்தால், ஆலை நின்ற அன்று அது ஓர் இளமரம். காய்க்க ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருக்கும். அதன் முழு வாழ்க்கை அதற்கப்புறம்தான். ஆலையின் ஆயுளும் மரத்தின் ஆயுளும் ஒரே காலண்டரில் அடங்குவதில்லை.

அந்தக் காலத்து ஊர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்று ஒரு தனிக் குழுவும் அதில் இருக்கிறது. தோப்பு துரவைப் பார்த்துக்கொள்ள ஊரே ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு, புதுக்கோட்டைப் பக்கம் இலுப்பூர், கடல் தாண்டி மன்னாரில் இலுப்பைக்கடவை. இலுப்பைப்பட்டுச் சிவன் கோயிலுக்குத் தலமரமே இலுப்பைதான்.

பிறகு ஏன் போயிற்று? முதலில் மண்ணெண்ணெய் வந்தது, விளக்கில் இலுப்பெண்ணெய்க்கு வேலை குறைந்தது. அடுத்து நிலக்கடலை எண்ணெய், அப்புறம் மின்சாரம். கடைசியில் நிலத்தின் விலை. வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை அகலமாக அகலமாக மரங்கள் உள்ளே உள்ளே போய்க் காணாமலே போயின. தோப்பு இருந்த இடம் மனை ஆயிற்று. யாரும் இலுப்பையை ஒழிக்க வேண்டுமென்று நினைக்கவில்லை. புதிதாக நடவில்லை, அவ்வளவுதான்.

சாதாரணமாகக் கிடைக்கிற மரம் எங்கே போய்விடும் என்று நினைக்காதீர்கள். மறுபடியும் செஸ்ட்நட்டிடம் போகிறேன். அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் அதன் சகோதர இனமான அமெரிக்கச் செஸ்ட்நட் கோடிக்கணக்கில் நின்றது. 1904இல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் சில மரங்களின் பட்டையில் ஒரு பூஞ்சை நோயைப் பார்த்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த நோய். ஐம்பது வருஷத்துக்குள் சுமார் 400 கோடி மரங்கள் போயின. பழைய வேர்க்கட்டை இன்றைக்கும் துளிர்க்கிறது. துளிர் பெரிதாகிக் காய்ப்பதற்குள் பெரும்பாலும் மறுபடி நோய் வந்து சாய்கிறது. உயிர் இருக்கிறது, சந்ததி இல்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மாணவர்கள் கேட்பீர்கள்: "சார், விதையை எடுத்து விதை வங்கியில் போட்டுவிட்டால் போதாதா?" நெல், கேழ்வரகு, கத்தரி விதையை நன்றாக உலர்த்திக் குளிரில் வைத்தால் பல வருஷம் உயிரோடு இருக்கும். நார்வே நாட்டு ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில் மைனஸ் 18 டிகிரியில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சில விதைகள் உலர்த்தினாலே செத்துவிடும். 1973இல் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி விதைகளை இரண்டு சாதியாகப் பிரித்தார். சொன்னபடி கேட்கும் விதை ஒன்று, அடம்பிடிக்கும் விதை மற்றொன்று. செஸ்ட்நட் அடம்பிடிக்கும் சாதி. நம் இலுப்பையும் அதே சாதி. விழுந்த சில வாரத்துக்குள் முளைக்கும் சக்தி போய்விடும்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? இலுப்பையை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்ணில் போட்டு மரமாக வைத்திருப்பதுதான் அதைச் சேமிக்கும் வழி. ஒரு தலைமுறை நடாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு எடுத்துக் கொடுக்க எதுவும் இருக்காது. நம் தாத்தாமார் யாரும் ராபர்ட்ஸைப் படிக்கவில்லை. ஆனாலும் ஆடியில் விழுந்த கொட்டையை ஆடியிலேயே ஊன்றினார்கள்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் வளாகத்தின் மேற்குப் பக்கம், ஹாஸ்டலுக்குப் பின்னால் மூன்று இலுப்பை மரம் இருப்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும். அந்த நிழலில் பரீட்சைக்குப் படித்தவர்கள் உண்டு, படிக்காமல் தூங்கியவர்கள் அதைவிட அதிகம். கல்லூரி வருவதற்கு முன்பே இருந்த மரங்கள் அவை. புதிய கட்டடத்துக்கான வரைபடத்தை நேற்று எனக்குக் காட்டினார்கள். அதில் இரண்டு மரம் போகிறது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வகுப்பறை பற்றாமல் நானே மரத்தடியில் பாடம் நடத்தியவன்தான். முதல்வர் அவர்களிடமும் நிர்வாகத்திடமும் இரண்டே வேண்டுகோள். முதலாவது, கட்டடத்தை முப்பது அடி தெற்கே தள்ள முடியுமா என்று பொறியாளரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இந்த அரங்கத்திலேயே நம் பழைய மாணவர்களான பொறியாளர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! கூலி வாங்காமல் பார்த்துக் கொடுங்கள். இரண்டாவது, எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு ஆடி மாதம் பொறுங்கள். அந்த இரண்டு பருவத்து விதையையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நுழைவாயிலில் நினைவு வளைவு கட்டுவது பற்றி காலையில் பேசினீர்கள். நல்லதுதான். அதோடு ஒவ்வொரு வருஷத்து மாணவர் பேரிலும் பத்து இலுப்பைக் கன்று என்று வையுங்கள். வேலை கஷ்டமில்லை. இது மே மாதம். இன்னும் ஓரிரு மாதத்தில் பழம் விழும். சதையை நீக்கிக் கழுவுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும், ஆகவே உயரமான பை வேண்டும். ஐப்பசி மழையில், மரத்துக்கு மரம் முப்பது அடி விட்டு நிலத்தில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர், ஆடு மாட்டுக்கு ஒரு முள்வேலி. அப்புறம் அது உங்களை எதுவும் கேட்காது. வளாகத்தில் இடம் போதாவிட்டால் ஊரைக் கேளுங்கள். பெயரிலேயே ஏரியை வைத்திருக்கும் ஊர் இது. ஏரிக்கரை, கோயில் நிலம், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது.

"நாம சொன்னா யார் சார் கேப்பாங்க?" என்ற சந்தேகம் வேண்டாம். இதே மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள். படிப்பறிவு அதிகமில்லாத விவசாயிகள் கம்பெனி அரசாங்கத்திடம் வாங்கினார்கள். பட்டம் வாங்கிய நாம் நம் சொந்தக் கல்லூரியிடம் கேட்கக் கூச்சப்படலாமா?

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன். மதியம் பொதுக்குழுவில் இந்த இரண்டு வேண்டுகோளையும் தீர்மானமாகக் கொண்டுவர உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டு மேற்குப் பக்கம் ஒரு நடை போய் அந்த மரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது கிளை நுனியில் பச்சைக் காய் தெரியும். முக்கியமாக, முன்னே கை தூக்காத தம்பி தங்கைகளைக் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.